முகங்களைப் படமெடுக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

அக்கா, முதலில் அந்த நகையைத் திரும்ப அலுமாரிக்குள் வையுங்கள். பல இன மக்களின் முகங்களைப் படமெடுப்பதே தொழில் என்று நிற்கிற மகளுக்குக் கமரா வாங்கக் காப்பை அடகு வைக்கவா என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மகள் ஒரு வருடத்துக்குக் கைப்பேசியிலேயே எடுக்கட்டும். அப்புறமும் ஆசை குறையாவிட்டால், பாவித்த கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் போதும். முகம் எடுக்க நல்ல வெளிச்சம் உங்கள் களுவாஞ்சிக்குடி வீட்டு விறாந்தையிலேயே காலையில் சும்மா கிடக்கிறது.

இனி உங்கள் உண்மையான பயம்: சோற்றுக்கு என்ன வழி? பல இன மக்களோடு பழகி அவர்களின் முகங்களை ஆவணமாக்குகிற வேலை மட்டும் யாருக்கும் இலேசில் சோறு போடாது. பேர் பெற்றவர்களில் பலரும் பத்திரிகை வேலை, தொண்டு நிறுவன வேலை, கற்பித்தல் என்று பக்கத்தில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள். மகளுக்கு அந்தப் பக்கத்து வேலை கலியாண வீடுதான். அதை அவள் கேவலமாக நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கலியாணத்தில் பெண்கள் பக்கத்தைப் படமெடுக்கப் பெண்தான் வேண்டும் என்று தேடுகிற குடும்பங்கள் நிறைய. ஆண் பிள்ளை வாசலோடு நிற்க வேண்டிய வீட்டில் இவள் அடுப்படிவரை போவாள். வருமானமும் அதில்தான், பிறகு அவள் எடுக்க ஆசைப்படும் முகங்களும் அங்கேதான். இதை அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், அம்மா சொன்னால் எடுபடாது. நான் சொல்கிறேன்.

உலகம் சுற்ற வேண்டும் என்கிறாளாம். சுற்றட்டும், ஆனால் பஸ்ஸில் தொடங்கட்டும். மட்டக்களப்பு டவுனில் போர்த்துக்கேயக் கிரியோல் என்கிற கலப்பு மொழி பேசிய, ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. வாகரைப் பக்கம் கரையோர வேடர்கள் என்கிற பழங்குடி மக்கள், அக்கரைப்பற்றுக்கு உள்ளே அளிக்கம்பையில் தெலுங்கு வேர் கொண்ட மக்கள், மருதமுனையில் தறிக்காரர். பாணமையில் தமிழரும் சிங்களவரும் கொண்டு கொடுத்துக் கலந்துபோன குடும்பங்கள். இத்தனையும் மட்டக்களப்பு, அம்பாறை என்று இரண்டே மாவட்டத்துக்குள். வெளிநாட்டுக்காரர் விசா எடுத்து வந்து தேடுவதை இவள் சோற்றுப் பார்சலோடு போய்ப் பார்த்துவிட்டுப் பொழுதுபட வீட்டுக்கு வரலாம்.

ஒரு வேலை கொடுங்கள். பத்துப் பேர். ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை போக வேண்டும், முதல் தடவை கமரா இல்லாமல். தேத்தண்ணி குடித்து, யார் பிள்ளை, எந்தத் தாய்வழிக் குடி என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வரட்டும். இரண்டாம் தடவை அனுமதி கேட்டு எடுக்கட்டும். சின்னப் பிள்ளை என்றால் தாய் தகப்பனிடம். மூன்றாம் தடவை பிரிண்டைக் கையில் கொடுக்கட்டும். இந்த மூன்றாம் தடவையைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். பெயரையும் எழுதி வைக்க வேண்டும். 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக்கண் ஆப்கன் சிறுமியின் படம் அடுத்த வருடம் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகை அட்டையில் வந்து உலகம் முழுக்கப் போனது. அவளுடைய பெயர் சர்பத் குலா என்று தெரிய வந்தது 2002இல்தான். தன் படத்தை இத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவளுக்கும் அதுவரை தெரியாது. உங்கள் மகளுக்கு அந்தப் படம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பாதியையும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

படிப்பா? பரீட்சைப் பெறுபேறு வந்ததும் கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் கட்புலக் கலைப் பட்டப்படிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பட்டம் இருந்தால் ஆசிரியர் வேலைக்கான கதவும் பூட்டாது. உங்களுக்கும் நித்திரை வரும். இடம் கிடைக்காவிட்டால் நல்ல ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளராக ஒரு வருடம் நிற்கட்டும்.

அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள். கைப்பேசியில் எடுத்த பத்து முகங்களைப் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயர் எழுதிக் கொண்டு வரச் சொல்லுங்கள். சொந்தக்காரரை எடுத்தால் கணக்கில் வராது.