மூன்றில் எது என்று அவளைக் கேட்காதீர்கள்

வணக்கம் அம்மா,

போன வாரம் மகளோடு வந்துவிட்டுக் கிளம்பும்போது, அவள் முன்னால் படி இறங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் கடைசியில் எதில் போய் நிற்கும்?" என்று கேட்டீர்கள். அதற்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓவியம், இசை, கணினி என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்திருக்கிறாள், எதிலும் தேறமாட்டாளோ என்பதுதான் உங்கள் பயம். அன்று என் மேசையில் அவள் ஓட்டிக் காட்டியதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அப்போது உங்கள் முகத்தில் கவலை மட்டும்தான் இருந்தது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு சதுர அலுமினியத் தகடு, நடுவில் ஒரு திருகு, அடியில் பழைய ஸ்பீக்கர். தகட்டின் மேல் உப்பைத் தூவிவிட்டு ஒலியின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். உப்பு முதலில் கண்டபடி துள்ளியது. ஒரு கட்டத்தில் சட்டென்று ஒதுங்கி, கோலம் போட்டதுபோல் கோடு கோடாக நின்றுவிட்டது. தகட்டில் அதிரும் இடம் உப்பை உதறித் தள்ளும். அதிராத இடத்தில் அது போய்த் தங்கும். எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர், தகட்டில் மணலைத் தூவி அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்து, இந்த உருவங்களை 1787-லேயே நூலாக வெளியிட்டார். உங்கள் மகள் அந்தக் கோடுகளை மையில் வரைகிறாள். எந்த அதிர்வெண்ணில் எந்த உருவம் வந்ததோ, அந்த ஒலிகளையே அடுக்கி இசையாக்குகிறாள். ஒலியை ஏற்றி இறக்க அவளே நிரல் எழுதியிருக்கிறாள். ஒலிக்கு உருவம் உண்டா என்ற ஒரே கேள்விதான் அவளுக்கு. அதைப் பிடிக்க மூன்று கைகள் தேவைப்படுகின்றன, அவ்வளவுதான்.

இப்படி வேலை செய்கிறவர்களைப் பல்துறைக் கலைஞர்கள் என்கிறோம். இது நேற்று முளைத்த மோகம் இல்லை. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் 10 கலைஞர்களும் பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து வந்த சுமார் 30 பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான பில்லி குளூவரே ஒரு பொறியாளர்தான். இன்று செர்ன் இயற்பியல் ஆய்வகம்கூடக் கலைஞர்களை அழைத்துத் தங்கவைத்து வேலை செய்ய இடம் கொடுக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்டது வரலாறு இல்லை, பிழைப்பு. அதற்கு ஒருவருடைய பாதையைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தது அரசியலும் ஆப்பிரிக்க ஆய்வும். அப்புறம் ஓவியப் பயிற்சி. அப்புறம் பாரிஸில் நாடகப் பள்ளி. நடிப்பு தனக்கு வராது என்று புரிந்ததும் ஊர் திரும்பிப் படப்பிடிப்புகளில் கலை இயக்க வேலை பார்த்தார். அந்த நாளில் அவருடைய வீட்டாரும் உங்களைப்போலவே தூக்கம் கெட்டிருக்கலாம். 1989 முதல் கரித்துண்டால் படம் வரைந்து, அதைக் கேமராவில் பிடித்து, அதே தாளில் அழித்துத் திருத்தி, மறுபடி பிடித்து அசையும் படங்கள் செய்தார். அழித்த தடம் தாளில் மங்கலாகத் தங்கிவிடும். அந்தத் தடம்தான் அவருடைய முத்திரை. பின்னால் 2005-ல் பிரஸ்ஸல்ஸிலும் 2010-ல் நியூயார்க்கிலும் பெரிய ஆப்பெராக்களை, அதாவது பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகங்களை, இயக்கினார். படித்த நாடகம் வீணாகவில்லை பாருங்கள். ஆனால் எங்கே போனாலும் அந்தக் கரித்துண்டு கையில் இருந்தது.

நான் உங்கள் மகளுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். மூன்றையும் விட வேண்டாம், ஆனால் ஒன்றில் கை நன்றாக ஊற வேண்டும். என் கணிப்பில் அவளுக்கு அது ஒலி. அவளுடைய நோட்டில் ஓவியப் பக்கங்கள் அழகாக இருக்கின்றன. ஒலிப் பக்கங்களோ பிடிவாதமாக இருக்கின்றன: தேதி, ஹெர்ட்ஸ், தகட்டின் அளவு, "வரவில்லை", "வரவில்லை", "மூலையில் மட்டும் வந்தது" என்று மூன்று மாதம் விடாமல் எழுதியிருக்கிறாள். யாரும் பார்க்காதபோதும் ஒரு பிள்ளை எதை விடாமல் செய்கிறதோ, அதைத்தான் நான் நம்புவேன்.

எனக்கும் ஒரு கவலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நோட்டில் ஐந்து வேலைகள் தொடங்கியிருக்கிறாள். முடிந்தது ஒன்று. பல துறைகளில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய ஆபத்து. ஒன்றில் கஷ்டம் வந்ததும் அடுத்ததற்குத் தாவ வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆகவே, "மூன்றில் எது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எது முடிந்தது? காட்டு" என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் இரண்டு வேலையாவது பிறர் பார்க்கும் நிலைக்கு வர வேண்டும்.

பணம். மாதச் சம்பளம் இந்த வாழ்க்கையில் தானாக வராது. பெரும்பாலானவர்களுக்கு வருமானம் துண்டு துண்டாகத்தான் வரும்: கற்பித்தல், மேடை ஒலி, அருங்காட்சியகக் காட்சியமைப்பு, விளையாட்டுச் செயலிகளுக்கு ஒலி, நல்கை என்னும் உதவித்தொகை, யாராவது கேட்டுச் செய்யச் சொல்லும் படைப்பு. முதல் சில ஆண்டுகள் வேறு வேலையும் கூடவே இருக்கும். இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1976-ல் தன் ஆப்பெரா நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கில் மேடையேறிய பிறகும் டாக்சி ஓட்டினார். 40 வயதைத் தாண்டிய பிறகுதான் இசை மட்டுமே அவருக்குச் சோறு போட்டது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவளுக்கு இப்போதே தெரிந்திருந்தால், பக்கத்தில் ஒரு வேலை பார்க்கும் நாளில் தோற்றுவிட்டோம் என்று உடைந்துபோக மாட்டாள். ஒலிப்பதிவு, ஒலித் தொகுப்பு, நிரல் எழுதுவது மூன்றுக்கும் வெளியில் கூலி உண்டு. அந்த வகையில் அவள் கையில் இருப்பது மோசமான சரக்கு இல்லை.

கிறிஸ்டோ, ஜான்-குளோத் என்ற கலைஞர் தம்பதி பெர்லினின் ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் போர்த்தியது 1995-ல். எண்ணம் தோன்றியது 1971-ல். நடுவே 24 ஆண்டுகள் அனுமதிக்காக அலைச்சல். போர்த்தியது நின்றதோ இரண்டு வாரம். அதற்கான செலவை அவர்கள் எந்த நிறுவனத்திடமும் வாங்கவில்லை. அந்த வேலைக்காக வரைந்த முன்வரைவுகளையும் மாதிரிகளையும் விற்றே தேற்றினார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் சேரும் காகிதம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அதனால் அவள் அந்த நோட்டைக் கிழித்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு அதிர்வதை நல்ல வெளிச்சத்தில், இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கும் நல்கைக்கும் கேட்கப்போவது இதைத்தான்.

பட்ஜெட் எழுதவும் இப்போதே பழக வேண்டும். அவளிடம் எழுதச் சொன்னேன். தகடு, ஒயர், ஸ்பீக்கர், வண்டிச் செலவு எல்லாம் இருந்தது. அவளுடைய உழைப்புக்கு ஒரு வரி இல்லை. "எனக்கு நானே எப்படி மிஸ் காசு போட்டுக்கிறது?" என்று கேட்டாள். போட வேண்டும். எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பத்தும் ஒதுக்க வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து செய்தால், யார் என்ன செய்கிறார்கள், பெயர் எந்த வரிசையில் வரும், யாரிடம் உரிமை இருக்கும் என்று தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல நட்புகள் உடைந்ததை இந்த இடத்தில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி விஷயம். ஒலி வடிவமைப்பு, புதிய ஊடகக் கலை, நுண்கலை என எந்தப் பெயரில் பட்டம் இருந்தாலும் சரி, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நேரில் போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். மாலையில் அது திறந்திருக்குமா, ஓவிய மாணவி ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்த விடுவார்களா, வேறு துறையின் வகுப்பை எடுத்தால் மதிப்பெண் கணக்கில் வருமா என்று கேளுங்கள். ஆசிரியர்கள் இன்னும் தங்கள் சொந்தப் படைப்புகளைச் செய்கிறார்களா என்பது முக்கியம். பல்துறை என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, உள்ளே ஒவ்வொரு துறையும் கதவைப் பூட்டி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. கலைஞர்கள் சில வாரம் தங்கி வேலை செய்யும் ரெசிடென்சிகளைப் பற்றி அவள் கேட்டாள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் கலைஞரிடமே கட்டணம் கேட்கும் அழைப்பு வந்தால் என்னிடம் காட்டாமல் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்த சந்திப்புக்கு அந்தத் தகட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். "மூலையில் மட்டும் வந்தது" என்று எழுதிய பக்கத்துக்கு அப்புறம் நோட்டு வெறுமையாக இருக்கிறது. அந்த உருவம் முழுசாக வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். நீங்களும் வாருங்கள் அம்மா, இந்த முறை மேசைக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள்.