'சாங்கியம்' என்றால் என்ன? சடங்கும் சாங்கியமும் ஒன்றா?

கேள்வி கேட்டவரோடு வேலை செய்யும் நண்பர் "சாங்கியத்துக்குக் கல்யாணத்துல தலையைக் காட்டிட்டு வந்தேன்" என்று சொன்னாராம். கேள்வி கேட்டவர் அதற்குப் பொருள் தேடப் போய், கபிலர், புருஷன், பிரகிருதி, 25 தத்துவங்கள் என்று எங்கேயோ போய் நின்றிருக்கிறார். பாவம். அது மணிமேகலையில் வரும் தத்துவச் சாங்கியம். கல்யாண வீட்டுச் சாங்கியம் வேறு. எழுத்து ஒன்றுதான், ஆள் வேறு.

எங்கள் கடலூர்ப் பக்கம் இந்தச் சொல்லை இரண்டு விதமாகப் புழங்குகிறோம்.

ஒன்று, சடங்கோடு ஒட்டிக்கொண்டு வருவது. "சடங்கு சாங்கியம் எதையும் விடக் கூடாது" என்பார்கள். அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கும். ஆனால் என் காதுக்கு ஒரு வேறுபாடு உண்டு. சடங்கு என்பது மொத்த நிகழ்ச்சி. சாங்கியம் அதற்குள்ளே வரும் சின்னச் சின்னச் செய்கைகள். படி அரிசியைக் காலால் தள்ளிவிட்டு மருமகள் உள்ளே வருவது, பாலும் பழமும் கொடுப்பது, ஆரத்தித் தண்ணீரை எங்கே கொட்டுவது, இப்படி. இதற்கு மந்திரமும் இல்லை, புத்தகமும் இல்லை. ஐயர் சொல்ல மாட்டார், ஆயாதான் (பாட்டி) சொல்லும். ஏன் என்று கேட்டால் "அது சாங்கியம்" என்பதே பதில்.

சடங்குக்கு அப்படி இல்லை, அதற்குப் படித்த பரம்பரை உண்டு. ஷடங்கம், அதாவது வேதத்தின் ஆறு அங்கங்கள் என்பதோடு அந்தச் சொல்லைச் சேர்த்துச் சொல்வார்கள். பெரியபுராணத்தில் சுந்தரருக்குப் பெண் கொடுக்க இருந்தவர் பெயர் சடங்கவி சிவாச்சாரியார். ஆறு அங்கமும் அறிந்தவர் என்று பொருள். பண்ருட்டிப் பக்கம் மணம் தவிர்ந்த புத்தூர் என்று ஊரே இருக்கிறது. கிழவர் வேடத்தில் சிவன் ஓலையோடு வந்து "நீ எனக்கு அடிமை" என்று வழக்குப் பேச, கல்யாணம் நின்றது அங்கேதான். பெயரிலேயே சடங்கை வைத்திருந்தவர் வீட்டில்!

சரி, இரண்டாவதற்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னது இதுதான். "சாங்கியத்துக்கு" என்று 'க்கு' சேர்ந்ததும் பொருள் மாறிவிடும். பேருக்கு, ஒப்புக்கு என்பதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதுவே இல்லை. ஒப்புக்குச் செய்தான் என்றால் குறை சொல்கிறோம். சாங்கியத்துக்குச் செய்தேன் என்றால் கொஞ்சமாகவாவது செய்துவிட்டேன், விட்டுவிடவில்லை என்று பொருள்.

2020 ஊரடங்கில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டிலேயே தங்கைக்குக் கல்யாணம் வைத்தோம். 50 பேருக்கு மேல் கூடக் கூடாது. பந்தல்காரர் வர முடியவில்லை, பந்தக்கால் நட மூங்கில் இல்லை. "சாங்கியத்துக்கு ஒரு கொம்பை நடுங்கடா" என்றது ஆயா. பக்கத்து வீட்டில் கல்யாண முருங்கை நின்றது, ஒரு கிளையை வெட்டி வந்தோம். நடுவதற்கு மண் ஏது, வாசல் முழுக்க சிமென்ட். காலி பெயிண்ட் பக்கெட்டில் மணலை நிரப்பிச் செருகினோம். நவதானியத்தில் ஏழுதான் தேறியது. "ஒம்பது இல்லையே ஆயா" என்றேன். "இருக்கறத முடிஞ்சு கட்டு" என்றது. மஞ்சள் துணியில் முடிந்து, மாவிலை கட்டி, சித்தியும் அத்தையும் பால் தெளித்தார்கள். பக்கெட் லேசாகச் சாய்ந்தது, செங்கல் முட்டுக் கொடுத்தோம்.

அத்தனையையும் சொல்லிக் கொடுத்த ஆயா நிலைப்படியைத் தாண்டி வரவில்லை. தாத்தா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. தங்கை கையைப் பிடித்து இழுத்தும் கொம்பைத் தொடவில்லை. அதுவும் சாங்கியமாம். ஏழு தானியத்துக்கு வளைந்து கொடுத்த சாங்கியம் இதற்கு மட்டும் வளையவில்லை. இந்தச் சொல்லில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

அப்புறம், பக்கத்துச் சொற்களில் கொஞ்சம் கவனமாக இருங்கள். தெற்கே மதுரை, நெல்லைப் பக்கம் சடங்கு என்று மட்டும் சொன்னால் பெண் வயதுக்கு வந்ததற்குச் செய்வது. எங்கள் பக்கம் அதற்கு மஞ்சள் நீராட்டு. காரியம் இன்னும் ஆபத்து. 'நல்ல' என்ற அடைமொழி இல்லாமல் தனியாக வந்தால் அது சாவு வீட்டுக் கருமகாரியம். புதுச்சேரியில் என்னோடு வேலை பார்த்தவர், புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு "வீட்டுல ஒரு காரியம், லீவு வேணும்" என்று கேட்டார். மேலாளர் எழுந்து நின்று "யாரு சார் தவறினது?" என்றார். விசேஷம் என்று சொல்லியிருந்தால் வம்பில்லை.

எழுத்தில் சாங்கியத்தைப் பார்ப்பது அரிது. கல்யாணப் பத்திரிகையில் யாரும் அச்சடிப்பதில்லை, அது பேச்சில் வாழும் சொல். உங்கள் நண்பர் சாங்கியத்துக்குப் போய் வந்தேன் என்றால், மொய் எழுதியிருப்பார், பொண்ணு மாப்பிள்ளையோடு ஒரு போட்டோ எடுத்திருப்பார், பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.