எம்ஜிபி கியர்பாக்ஸ்: புதிய சீல் போட்டும் ஒழுகினால்

1972 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) கியர்பாக்ஸின் பின்பக்கத்தில் ஆயிலைத் தடுக்கும் பின்சீலைப் புதிதாகப் போட்டும் அதே இடத்தில் ஒழுகுகிறது என்றால், சீலை மறுபடியும் மாற்றுவதற்கு முன், அதன் விளிம்பு உரச, உள்ளே சுழலும் ஃபிளாஞ்சை (புரொப்பெல்லர் ஷாஃப்டை இணைக்கும் வட்டத் தகட்டை) கழற்றிப் பாருங்கள். பல ஆண்டுகள் ஒரே வட்டத்தில் உரசியதால் அங்கே பள்ளம் விழுந்திருக்கக்கூடும்.

கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரிக்குமுன் இரு பக்கமும் அடையாளக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். துடைத்த பரப்பின் குறுக்கே நகத்தை இழுக்கும்போது அது தட்டுப்பட்டால், அதன் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் (உறை) ஏற்றுவதோ ஃபிளாஞ்சையே மாற்றுவதோதான் வழி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

இந்த வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே 20டபிள்யூ50 ஆயில்தான் என்பதால், நிறத்தை வைத்து எதிலிருந்து ஒழுகுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில், ஸ்பிளிட் பின் (இரு கால் கொண்ட கம்பி ஊசி) தொங்கும் துளையிலிருந்து சொட்டினால், கோளாறு பெரும்பாலும் எஞ்சினின் பின்சீலிலோ கியர்பாக்ஸின் முன்பக்கத்திலோ இருக்கும். எஞ்சினை இறக்காமல் அது தீராது.