எருக்குழிப் புழு தென்னையைத் தின்னுமா? பூச்சிகள் பற்றிய கேள்வி பதில்

தக்கலை வாசகர்: எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. தென்னங்குருத்தைத் தின்பவை இவைதானா?

பதில்: ஒன்றை எடுத்து இலையில் வைத்துப் பாருங்கள். பழுப்புத் தலை, அதை ஒட்டி ஆறு கால்கள், விலாவில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் மூச்சுத்துளைகள். பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. இது காண்டாமிருக வண்டின் புழு. மட்கியதைத் தின்றே வளரும், தென்னைப் பக்கம் போகாது. இரண்டு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, சில மாதங்களில் கொம்போடு வெளிவரும் வண்டுதான் இரவில் பறந்து போய் விரியாத குருத்தைக் குடைகிறது. பிறகு விரியும் ஓலை கத்தரியால் வெட்டிய விசிறிபோல் நிற்கும். மரம் ஏறுவதற்கு முன் குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை எருவில் கலந்தாலும் புழுக்கள் நோயுற்றுச் சாகும்.

அவரே: பக்கத்துத் தோப்பில் மரத்துக்குள்ளேயே புழு இருந்ததே?

பதில்: கால் இருந்ததா? இல்லையென்றால் அது சிவப்புக் கூன்வண்டின் புழு. அங்கே தண்டைத் தின்று மரத்தைச் சாய்ப்பது புழுதான். காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டையிலேயே கூன்வண்டு வந்து முட்டையிடுவதும் உண்டு. ஒன்றை விட்டுவைத்தால் இரண்டும் வந்து சேரும்.

மார்த்தாண்டம் வாசகர்: ரப்பர் பூக்காத நேரத்திலும் பெட்டியில் தேன் நிறைகிறது. எப்படி?

பதில்: நல்ல கேள்வி. இலையுதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்குள்ள சிறு சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். ஜனவரி முதல் மார்ச் வரை நம் ஊர்த் தேனின் பெரும்பகுதி அதுதான். தேனீ தன் உறிஞ்சுகுழலால் அதை எடுத்து, வயிற்றில் உள்ள தேன்பையில் கொண்டுவருகிறது. ஆனால் அதில் மகரந்தம் இல்லை. புழுக்களை வளர்க்க மகரந்தம் வேண்டும். அருகில் தென்னை இருந்தால் அந்தக் குறை தீரும். ரப்பரை மட்டும் நம்பிப் பெட்டி வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

குலசேகரம் வாசகர்: கோடைமழை பெய்ததும் கருவண்டுகள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் வருகின்றன. கடிக்குமா?

பதில்: கடிக்காது. ரப்பர்ச் சருகில் வளர்ந்து, மழைக்கு ஒதுங்கி, மாதக்கணக்கில் ஓட்டிடுக்கில் உறங்கும் முப்ளி வண்டு அது. கையால் நசுக்காதீர்கள், அதன் கசிவு தோலைப் புண்ணாக்கும். பெருக்கி அள்ளுங்கள்.

தேரூர் மாணவி: சிலந்தி பூச்சிதானே?

பதில்: இல்லை. எட்டுக் கால், உணர்கொம்பு கிடையாது, உடல் இரண்டே பகுதி. பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என மூன்று.

அவரே: அப்படியானால் தட்டான்?

பதில்: அது பூச்சிதான், ஆனால் கூட்டுப்புழுப் பருவம் இல்லாதது. இளம்பூச்சி உங்கள் ஊர்க் குளத்திலேயே இருக்கும். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிக்கும். வளர்ந்ததும் நாணல் தண்டில் ஏறி, முதுகுத் தோல் பிளந்து, சிறகோடு வெளிவரும். அது கழற்றிப்போட்ட தோலைக் குளக்கரையில் காலையில் தேடினால் பார்க்கலாம்.