மாற்றிய பிறகும் பழையதே திறப்பது ஏன்?

கேள்வி: வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாமே, தன் சேவையையே டீஃபால்ட்டாக (நாம் மாற்றாதவரை தானாக வருவதாக) வைத்ததற்கு ஒரு நிறுவனத்தின் மேல் வழக்கு எதற்கு? அதுசரி, போனில் பிரவுசரை மாற்றியும் என் தேடல் கூகுளில்தான் போய் நிற்கிறதே, ஏன்?

பதில்: மாற்ற வழி உண்டு, அந்த வழியில் போகிறவர்கள்தான் குறைவு. அந்தச் சோம்பலுக்கும் விலை இருக்கிறது. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில் டீஃபால்ட் தேடுபொறியாக இருக்க 2022-இல் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர். சும்மா கொடுப்பார்களா? தேடல் குவிந்தால் தரவு சேரும், தரவு சேர்ந்தால் முடிவுகள் மேம்படும். போட்டியாளருக்கோ அந்தத் தரவு எட்டாது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். பெரிதாக இருப்பது குற்றமல்ல. காசு கொடுத்து அடுத்தவர் வாசலை அடைப்பதுதான் சிக்கல்.

உங்கள் போனுக்கு வருவோம். பக்கங்களைத் திறக்கும் பிரவுசர் வேறு, தேடித் தரும் தேடுபொறி வேறு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் ஆப் என்று போய் மாற்றினால், தொடும் லிங்க்குகள் மட்டுமே புதியதில் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரிலேயே பல நாடுகளில் கூகுள்தான் தேடுபொறி. அதன் செட்டிங்ஸில் 'சர்ச்' பகுதிக்குப் போய்த் தனியாக மாற்றவேண்டும். முகப்புத் திரையிலுள்ள கூகுள் தேடல் பட்டை இந்த இரண்டுக்கும் கட்டுப்படாது. அதை அழுத்திப் பிடித்து நீக்கிவிட்டு, புது பிரவுசரின் தேடல் பட்டையை (விட்ஜெட்) வையுங்கள். சில போன்களில் அந்தப் பட்டை அசையவே அசையாது. முகப்புத் திரையை நடத்தும் லாஞ்சர் ஆப்பையே மாற்றினால்தான் போகும்.