பெயரை நம்பாதீர்கள், கைப்பிடியை நம்புங்கள்: லினக்ஸில் கோப்பு திறப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் எழுதும் நிரலில் கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்பு எப்போதும் 3 என்ற எண்ணையே தருகிறது. ஏன்?

பதில்: அந்த எண்தான் கைப்பிடி; திறந்த கோப்பை நிரல் அதைக் கொண்டே அடையாளம் காண்கிறது. 0 உள்ளீட்டுக்கும், 1 வெளியீட்டுக்கும், 2 பிழைச் செய்திக்கும் போய்விட்டன. காலியாக இருப்பவற்றில் மிகச் சிறிய எண்ணைத் தர வேண்டும் என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தின் விதி. 3-ஐ மூடிவிட்டு வேறு கோப்பைத் திறந்தாலும் 3 தான் வரும்.

கேள்வி: என்னுடையது செட்யூஐடி நிரல்; அதாவது இயக்குபவரின் உரிமையில் அல்ல, நிரல் கோப்பின் உரிமையாளரின் உரிமையில் ஓடுவது. பயனருக்கு அனுமதி உண்டா என்று ஆக்சஸ் அழைப்பால் பார்த்த பிறகே கோப்பைத் திறக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். சோதனைக்கும் திறப்புக்கும் நடுவே ஒரு நொடிப்பொழுது கிடைத்தாலே, அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) வைத்துவிடலாம். நீங்கள் சோதித்தது ஒன்று, திறந்தது வேறொன்று.

முதலில் பயனரின் உரிமைக்கு இறங்குங்கள், பிறகு ஓப்பனை அழையுங்கள். கோப்பின் வகை, உரிமையாளர் போன்ற விவரங்களை, கிடைத்த கைப்பிடியிடமே எஃப்ஸ்டாட் மூலம் கேளுங்கள். பெயரை யாரும் மாற்றி வைக்கலாம். கைப்பிடியோ திறந்த ஐநோடை (பெயருக்குப் பின்னாலிருக்கும் கோப்பின் பதிவை) விட்டு நகராது.

சிம்லிங்க்கைப் பின்தொடராதே என்று ஓப்பனுக்குச் சொல்லும் ஓ_நோஃபாலோ இருக்கிறதே என்பார்கள். அது பாதையின் கடைசிப் பெயரை மட்டுமே காக்கும். இடையிலுள்ள கோப்புறை சிம்லிங்க்காக இருந்தால் பேசாமல் பின்தொடரும். பாதை முழுவதையும் கட்டுப்படுத்த, 2020-இல் லினக்ஸ் 5.6-உடன் வந்த ஓப்பன்அட்2 அழைப்பைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பெரிய லாக் கோப்பை அழித்தும் டிஸ்கில் இடம் கூடவில்லையே?

பதில்: அழிந்தது பெயர்தான். ஏதோ ஒரு சேவை அதன் கைப்பிடியை இன்னும் வைத்திருக்கிறது. கடைசிக் கைப்பிடி மூடப்படும்வரை இடம் திரும்பாது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: "திறந்த கோப்புகள் மிக அதிகம்" என்ற பிழை வருகிறது. 1024 என்ற வரம்பை உயர்த்தலாமா?

பதில்: முதலில், ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் கோப்புறையில் அந்த நிரலின் எஃப்டி (திறந்த கைப்பிடி) பட்டியலைச் சில முறை எண்ணிப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால், பிழை நேரும் வழியில் எங்கோ மூட மறந்திருக்கிறீர்கள்.

கேள்வி: ஓப்பன்_பை_ஹேண்டில்_அட் எதற்கு?

பதில்: பயனர் தளத்தில் ஓடும் என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்புப் பகிர்வு) சர்வர் போன்றவற்றுக்காக 2011-இல் 2.6.39 கெர்னலில் சேர்த்தார்கள். இது பாதையைத் தொடாமல், கோப்பின் அடையாளத்தை வைத்தே திறப்பதால் கோப்புறை அனுமதிகள் குறுக்கே வராது. அதனால்தான் தனிச் சிறப்புரிமை கேட்கிறது. 2014-இல், நிரல்களைத் தனிமைப்படுத்தி ஓட்டும் டாக்கர் கொள்கலனிலிருந்து வெளியேறி வெளிக் கணினியின் கோப்புகளைப் படித்துக் காட்டியது இந்த அழைப்பை வைத்துத்தான். பழைய டாக்கர் அந்தச் சிறப்புரிமையைக் கொள்கலனுக்குள் விட்டுவைத்திருந்தது.