முதல் பதிவு, முதல் ஆல்பம், முதல் அச்சு: எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

ஜாஸ் பியானோ தட்டு வாங்குவது பற்றிய கேள்விகள் கொஞ்ச நாளாகச் சேர்ந்துகொண்டே வந்தன. இந்த முறை வேறு எதையும் தொடாமல் அவற்றையே முடித்துவிடுகிறேன். குக்கர் காஸ்கெட் பற்றி எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: தெலோனியஸ் மங்க் என்றால் எனக்கு உயிர். அவருடைய முதல் ஆல்பத்தின் ஒரிஜினல் என்று வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் 12 அங்குல எல்.பி. ஒன்றைப் போட்டிருக்கிறார். 'ஜீனியஸ் ஆஃப் மாடர்ன் மியூசிக்', முதல் தொகுதி. வருடம் 1947 என்று இருக்கிறது. விலை என் சம்பளத்தில் பாதி. வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். இன்று நாம் எல்.பி. என்று சொல்லும் வினைல் தட்டைக் கொலம்பியா கம்பெனி அறிமுகப்படுத்தியதே 1948 ஜூனில்தான். 1947 என்பது இசை பதிவான வருடம், தட்டு அச்சான வருடம் இல்லை. விற்பவர் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று ஆராய வேண்டாம். உங்கள் பர்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மங்க் தன் பெயரில் பதிவு செய்ய ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது 1947 அக்டோபர் 15ஆம் தேதி. முப்பது வயது முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ப்ளூ நோட் கம்பெனிக்காக நியூயார்க்கில் பதிவு. அதே மாதம் இன்னொரு தடவை, நவம்பர் 21இல் மூன்றாவது தடவை. 'ரவுண்ட் மிட்நைட்' பதிவானது அந்த மூன்றாவது நாளில். இவை முதலில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் 78 வேகத் தட்டுகளாகவே வந்தன. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம் சொச்சம், அவ்வளவுதான் இடம். இவற்றைத் தொகுத்து 10 அங்குல எல்.பி.யாகப் போட்டது 1951இல். கணக்குப்படி அதுதான் மங்கின் முதல் ஆல்பம். 12 அங்குலத்தில் வந்தது 1956இல். ஆக, உங்கள் விற்பனையாளர் கையில் இருப்பது எப்படிப் பார்த்தாலும் இரண்டாவது வடிவம்கூட இல்லை, மூன்றாவது.

முதல் பதிவுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். 1944இல் சாக்ஸபோன் வித்வான் கோல்மன் ஹாக்கின்ஸின் குழுவில் மங்க் வாசித்த தட்டுகள் உண்டு. அதற்கும் முன்னால், 1941இல், ஹார்லெமின் மின்டன்ஸ் ப்ளேஹவுஸ் என்ற கிளப்புக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் பதிவுக் கருவியைச் சுமந்துபோய்ப் பிடித்த பதிவுகளும் உண்டு. 1942 ஆகஸ்ட் முதல் இசைக்கலைஞர் சங்கம் பதிவு செய்ய மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அதனால் அந்தக் காலத்துப் பதிவுகளே கம்மி.

முதல் பதிவு, முதல் ஆல்பம், முதல் அச்சு என்ற மூன்றையும் 'ஒரிஜினல்' என்ற ஒரே வார்த்தையில் கட்டி விற்பது இந்தச் சந்தையின் பழக்கம். விற்பனையாளரிடம் லேபிளின் போட்டோ கேளுங்கள். 1956இல் அச்சான 12 அங்குலம் என்றால் லேபிளில் 767 லெக்சிங்டன் அவென்யூ என்ற முகவரி இருக்கும். லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் பெயர் இருந்தால் அது 1966க்குப் பிறகு, கம்பெனி கைமாறியபின் அச்சானது. அதற்கு அரைச் சம்பளம் ரொம்பவே அதிகம். போட்டோ அனுப்பத் தயங்கினால் அங்கேயே கைகழுவிவிடுங்கள்.

இசைதான் முக்கியம் என்றால் சி.டி.யே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில பதிப்புகளில் ஒரே பாட்டின் இரண்டு டேக்குகளை, அதாவது இரண்டு தடவை வாசித்துப் பதிவானதை, அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். ஆராய்ச்சிக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமை காபியோடு கேட்க நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கேள்வி: பெரியவர் ஒருவரின் சேகரிப்பை அவர் வீட்டில் வைத்தே விற்கிறார்கள். ஹெர்பி ஹான்காக்கின் முதல் ஆல்பம் 'டேக்கின் ஆஃப்' அதில் இருக்கிறது. நேரில் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? (சென்னை வாசகி)

பதில்: நேரில் பார்க்கக் கிடைப்பது பாதி வெற்றி. செல்போன் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்.

உறையைப் பார்த்து மயங்க வேண்டாம். தட்டை விளிம்பில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடைசிப் பாட்டின் கோடு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அங்கே முதலில் 'வான் கெல்டர்' என்ற முத்திரையைத் தேடுங்கள். நியூ ஜெர்சியில் தன் ஸ்டூடியோவில் இதைப் பதிவு செய்த ரூடி வான் கெல்டரின் அடையாளம் அது. பிறகு தட்டை மெல்லச் சுற்றினால், காது மாதிரி வளைந்த ஒரு சின்னக் கீறல் கண்ணில் பட வேண்டும். சேகரிப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது சாய்த்து எழுதிய ஆங்கிலப் 'பி' எழுத்து, ப்ளூ நோட்டுக்குத் தட்டு அச்சிட்ட ப்ளாஸ்டிலைட் ஆலையின் குறி. 1966இல் லிபர்ட்டி வந்தபின் அந்த ஆலையில் அச்சிடுவது நின்றது. ஆகவே முத்திரை இருந்து காது இல்லையென்றால், பழைய உலோக அச்சில் பின்னால் எடுத்த பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் பழையதாகவே இருக்கலாம், மீந்துபோன லேபிளை லிபர்ட்டிக்காரர்கள் வீணாக்கவில்லை. காது பொய் சொல்லாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல வருடம் முன்பு வெளியூர்க் கடை ஒன்றில் உறை, உறைக்குள் பழைய காகிதம், அந்தப் பழுப்பு வாசனை எல்லாம் சரியாக இருந்த ஒரு ப்ளூ நோட் ஆல்பத்தை அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தட்டை வெளியே எடுத்தால் லேபிளே வேறு நிறம். எழுபதுகளின் மறுபதிப்பு! உறை மட்டும் அசல். கடையில் தட்டை உருவிப் பார்க்கக் கூச்சப்பட்டதற்கு அபராதம்.

ஹான்காக் இதைப் பதிவு செய்தது 1962 மே 28இல், 22 வயதில். ஆறு பாட்டும் அவரே அமைத்தவை. பாடல்களின் பதிப்புரிமையை விட்டுக்கொடுக்காதே என்று ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பர்ட் சொல்லி அனுப்பியிருந்தார், பையனும் பிடிவாதமாக நின்றார். அடுத்த வருடமே கியூபத் தாளக் கலைஞர் மோங்கோ சாண்டமரியா அதிலுள்ள 'வாட்டர்மெலன் மேன்' பாட்டை வாசித்து அமெரிக்காவின் டாப் டென்னில் ஏற்றினார். வந்த ராயல்டியில் ஹான்காக் ஒரு கோப்ரா கார் வாங்கினார்.

கேள்வி: நினா சிமோனின் முதல் ஆல்பம் 'லிட்டில் கேர்ள் ப்ளூ' ஒரே இணையக் கடையில் ஏழெட்டு உறையில், ஏழெட்டு விலையில் இருக்கிறது. கம்பெனிப் பெயர்களும் வேறு வேறு. எல்லாம் திருட்டுப் பதிப்பா? (மதுரை வாசகர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம். இந்த ஆல்பம் 1959இல் பெத்லஹேம் கம்பெனி மூலம் வந்தது. அதனால் ஐரோப்பாவில் யார் வேண்டுமானாலும் தட்டு போடலாம், போடுகிறார்கள். அமெரிக்காவில் அப்படி முடியாது, அங்கே 2067 வரை உரிமை இருக்கிறது.

சட்டப்படி சரி என்பதற்காகச் சரக்கு சரியாக இருக்கும் என்று இல்லை. அசல் டேப் இல்லாமல், பழைய சி.டி.யிலிருந்தோ எல்.பி.யிலிருந்தோ எடுத்து அச்சிடுகிறவர்கள் உண்டு. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்த டேப்பிலிருந்து, யார் மாஸ்டரிங் செய்தார் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நம்பலாம். '180 கிராம் வினைல்' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தால், எடைக்கு நெய் வாங்குகிற மாதிரிதான். எடை இருக்கும், மணம் இருக்காது. மலிவான நாலு சி.டி., எட்டு ஆல்பம் பெட்டிகளும் இந்த வகைதான். அறிமுகத்துக்கு மோசமில்லை, சேகரிப்புக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கச்சேரிப் பியானோ கலைஞராக வர ஆசைப்பட்டவர் நினா. பிலடெல்பியாவின் கர்டிஸ் இன்ஸ்டிடியூட்டில் இடம் கிடைக்கவில்லை. பிழைப்புக்காகப் பாரில் வாசித்துப் பாடினார். இந்த ஆல்பத்தின் உரிமையை 3,000 டாலருக்கு விட்டுக்கொடுத்தார். 1987இல் இதே ஆல்பத்தின் 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ' ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து பிரிட்டனில் ஓகோவென்று விற்றது. மேலே ஹான்காக்கின் காரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் வயிறு எரிகிறது. எந்தப் பதிப்பை வாங்கினால் கலைஞருக்குப் போகும் என்று சிலர் கேட்கிறார்கள். இந்த ஒரு ஆல்பத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு எப்போதோ காலம் கடந்துவிட்டது.

கேள்வி: கிங் ஆலிவர் குழுவின் 1923 பதிவுகள் சி.டி. வாங்கினேன். ஒரே கரகரப்பு. பியானோ எங்கேயோ கிணற்றுக்குள் கேட்கிறது. திருப்பி அனுப்பட்டுமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம், அது பழுது இல்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் முதன்முதலாகப் பதிவானது இந்தக் குழுவில்தான், 1923 ஏப்ரலில், இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில். ஜெனட் என்ற கம்பெனி அது. ஸ்டார் என்ற பியானோ கம்பெனியின் கிளை. பியானோ செய்கிறவர்கள் போட்ட தட்டில் பியானோ கேட்கவில்லை என்பது வேடிக்கைதான், ஆனால் காரணம் இருக்கிறது. மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்வது தட்டுக் கம்பெனிகளுக்கு வந்தது 1925இல். அதற்கு முன் ஒரு பெரிய தகரப் புனல். அதற்கு முன்னால் எல்லோரும் நின்று ஊத வேண்டும், அந்த அதிர்வே மெழுகில் ஊசியால் கீறும். பியானோவைப் புனலுக்கருகே தூக்கிப் பிடிக்க முடியாது. டிரம்ஸ் அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டினார். ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஒரு ஊதுவாத்தியம்) மற்றவர்களை அமுக்கிவிடுகிறது என்று அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று, அன்று பியானோ வாசித்த லில் ஹார்டினே சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவை ஒட்டி ரயில் பாதை வேறு. ரயில் வந்தால் வேலை நிற்கும்.

கரகரப்பே இல்லாத பதிப்பு கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இரைச்சலைத் துடைக்கிறேன் என்று கார்னெட்டின் ஓரத்தையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள். 1923இல் வெளியான பதிவுகள் 2024 ஜனவரி முதல் அமெரிக்காவிலும் பொதுச்சொத்து. இலவசமாகக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்கலாம்.

அசல் 78 தட்டே கிடைத்தால் எல்.பி. ஊசியில் போடாதீர்கள். 78இன் கோடு அகலமானது. எல்.பி. ஊசி முனை ஒரு மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அல்லது அதற்கும் கீழே, 78க்கு மூன்று மில் ஊசி வேண்டும். தட்டு அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் அப்பளம். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது என்பது நமக்கு ஒரு ஆறுதல்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய தட்டு உடைந்து வந்தது. 'வி.ஜி.' தரம் என்று போட்டிருந்ததும் பொய். விற்பவர் பதில் சொல்வதில்லை. (சேலம் வாசகர்)

பதில்: 'வி.ஜி.' என்றால் மிக நல்லது என்று நினைத்துவிட்டீர்கள். தட்டுச் சந்தையில் அதற்கு அர்த்தம் 'கீறலும் சத்தமும் உண்டு'. நிம்மதியாகக் கேட்க 'வி.ஜி. பிளஸ்' அல்லது அதற்கு மேல் கேளுங்கள். உடைந்தது வேறு விஷயம். இந்திய விற்பனையாளர் என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் வேலை சுலபம். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால், பணம் கட்டிய கார்டு கம்பெனியிடமோ இணையச் சந்தையிடமோ தகராறு பதிவு செய்வதுதான் நடைமுறை. கெடு தாண்டுவதற்குள் செய்யுங்கள்.

கேள்வி: பில் எவன்ஸை இப்போதுதான் கேட்கத் தொடங்கினேன். முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக வாங்கலாமா? (புதுச்சேரி வாசகி)

பதில்: வாங்கலாம், ஆனால் நான் அப்படிச் செய்யமாட்டேன். முதல் ஆல்பம் 'நியூ ஜாஸ் கான்செப்ஷன்ஸ்' 1956 செப்டம்பரில் ரிவர்சைடு கம்பெனிக்காகப் பதிவானது. எவன்ஸ் தன்னை விற்றுக்கொள்ளத் தெரியாத கூச்சக்காரர். கிட்டார் கலைஞர் மண்டல் லோ அவருடைய டேப்பைத் தொலைபேசி வழியாகவே கம்பெனிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டித்தான் வாய்ப்பு வாங்கிக்கொடுத்தார். முதல் வருடத்தில் விற்றது சுமார் 800 பிரதி. முதல் அச்சு இன்று யானை விலை விற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று யாரும் வாங்காததற்கு இன்று நீங்கள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

1961 ஜூன் 25இல் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் பதிவானவற்றிலிருந்து தொடங்குங்கள். 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற ஆல்பத்தின் மறுபதிப்பு ஒன்று போதும். அதன் தலைப்புப் பாட்டு ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எவன்ஸோடு ஸ்காட் லஃபாரோவின் பாஸும் பால் மோஷியனின் டிரம்ஸும் மேசையில் தம்ளர் இடிக்கிற சத்தமும் சேர்ந்து வரும். பதினொரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். இது காதில் நன்றாக ஊறிய பிறகு 1956 ஆல்பத்தைச் சாதாரண மறுபதிப்பிலேயே வாங்கி, அதே பாட்டைத் தேடிப் போடுங்கள். அண்ணன் மகளுக்காக அமைத்த அந்த மெட்டு அதில் பியானோ மட்டும் தனியாக, ஒன்றரை நிமிடம்கூட ஓடாமல் நின்றுவிடும். நான் அதை ஒரு தடவையோடு நிறுத்தியது கிடையாது.